முரளி, உன் வண்டிக்கு சைலன்சர் மாற்றியாயிற்று

என் அருமை வண்டிப் பைத்தியத்துக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீ போன இடத்தில் ஒரு குறையும் கிடையாது என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அக்காவுக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. எனக்கு வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் நீதான்.

ஆமாம் முரளி, உன் சிவப்பு வண்டிக்கு சைலன்சர் மாற்றியாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் இல்லை. இங்கேயே, அபிராமபுரத்தில், நம் ஃபிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில். மாற்றியது யார் தெரியுமா? மந்தைவெளியில் பல் கிளினிக் வைத்திருக்கும் உன் மனைவியும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்று, மூட்டு வலித் தைலமும் கையுமாக இருக்கும் உன் வசந்தா அக்காவும். சிரிக்காதே. சிரித்தால் மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.

அந்த வண்டி வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ ரிட்டயர் ஆன கையோடு கோயம்புத்தூருக்குப் போய், யாரோ ஒருவர் பதினைந்து வருஷம் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். தலையில் தொப்பி வேறு. அக்கா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஆரத்தித் தட்டோடு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பின்னாடி சீட்டு எங்கடா?”

“ஸ்போர்ட்ஸ் கார்க்கா இது. ரெண்டு சீட்டுதான்.”

அக்கா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். “தரையோட தரையா இருக்கு. என் முட்டி இருக்கற இருப்புக்கு நான் இதுல கால வைக்க மாட்டேன்” என்றாள். வைக்கவும் இல்லை. நீ எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிப் பார்த்தாய். நம் இருவருக்குமே அது முட்டி சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் எண்ணம்.

பிறகு நீ மாட வீதிக் காய்கறிக் கடையில் வாழைப்பூவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபடியே சரிந்து விழுந்தாய். கடைக்காரம்மா ஆட்டோவில் உன்னோடு ஏறி வந்தாள், பாவம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை நீ. உன்னோடு அந்த வாழைப்பூ இருந்த பையையும் கொடுத்து அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் வீடு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்த வாழைப்பூவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவாக அந்த வேகாத நரம்பை, கள்ளனை, எடுத்தாள். கடைசிப் பூ வரைக்கும் எடுத்து, மோரில் போட்டு மூடி வைத்தாள். யாரும் சமைக்கவில்லை, யாரும் சாப்பிடவில்லை. அவள் அழவும் இல்லை. அன்றைக்கும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வெளியே வந்தால் அவள் டம்ளரில் காபி நுரைக்க நுரைக்க ஆற்றிக்கொண்டிருப்பாள்.

உன் வண்டி உறைக்குள் கிடந்தது. அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியப்பன்தான் ஒருநாள் என்னை நிறுத்தினான்.

“டாக்டரம்மா, வண்டிய இப்டியே வுட்டுக்கினு இருந்தீங்கன்னா பேட்டரி பூடும். அண்ணன் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஸ்டார்ட் பண்ணிக்கினு இருப்பாரு இல்ல?”

சரி என்று பேட்டரியை சார்ஜ் செய்து, பூனைக் குடும்பத்தை அட்டைப்பெட்டிக்குக் குடியேற்றிவிட்டு, சாவியைத் திருப்பினேன். முரளி, நான் என்னத்தைச் சொல்ல! வண்டிக்கு அடியில் ஒரு வெடி. அதைத் தொடர்ந்து லாரி ரேஸ் விட்டதைப் போல ஓர் உறுமல். முதல் மாடியில் செகரட்டரி ராமசேஷன் வீட்டில் மாமி ஆறேழு பெண்களுக்கு வீணை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். எல்லா வீணைகளும் ஒரே நேரத்தில் நின்றன. நான் பதறிப்போய் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்திவிட்டேன். டங் என்று எதுவோ தரையில் விழுந்த சத்தம் கேட்டதும்தான் வண்டியை அணைத்தேன்.

சைலன்சர் துருப்பிடித்து, ஒரு பக்கம் பிளந்து, வால் பகுதி தரையில் இடித்துக்கொண்டு கிடந்தது. கடற்காற்று தின்றுவிட்டிருக்கிறது.

ராமசேஷன் மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். “என்னம்மா டாக்டர், ஆத்துல மனுஷா இருக்கறதா வேண்டாமா? நான் கேஸ் சிலிண்டர்தான் வெடிச்சுடுத்துன்னு நெனச்சுண்டு ஓடி வரேன்!” என்றார். அவர் கையில் ஹிந்துப் பேப்பர்கூட அப்படியே இருந்தது.

அன்று மாலையே அக்கா வண்டியை வாங்கிக்கொள்ள ஆள் பிடித்துவிட்டாள். அவளோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தோழிக்கு ஆதம்பாக்கத்தில் ஒரு மருமகன், பிரவீன் என்று பெயர், கப்பலில் வேலை. இந்த மாதிரி வண்டி என்றால் அவருக்கு உயிராம். அவர் போனில் சொன்னது ஒன்றுதான்: “ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை ஈவ்னிங் வந்து பாக்கறேன். மறுநாள் ஷிப்புக்குக் கெளம்பறேன். ஆனா வண்டி ஓடற கண்டிஷன்ல இருக்கணும்.”

எனக்கு விற்க மனசு வந்ததா என்று கேட்காதே. வரவும் இல்லை, வராமலும் இல்லை. கீழே இறங்கும்போதெல்லாம் அந்த உறையைப் பார்த்தால் உள்ளே நீ படுத்திருக்கிறாய் என்று தோன்றும். அதைப் பார்க்காமல் இருக்கலாமே என்று ஒரு பக்கம். அக்காவோ உறுதியாக இருந்தாள். “போகட்டும். அது இங்க இருக்கற வரைக்கும் எனக்குத் தொண்டையில மீன் முள்ளு மாட்டின மாதிரி இருக்கு” என்றாள்.

அடையாறு மெக்கானிக்குக்கு போன் செய்தேன். வண்டியைக் கொண்டு வரச் சொன்னார். சைலன்சர் தரையில் உரசுகிறது என்றேன். இழுத்துப் போகும் லாரி அனுப்பினார். அந்த லாரி நம் கட்டடத்துக்கு அடியில் நுழையவே இல்லை, தலை இடித்தது. வீட்டுக்கே வந்து மாற்றித் தருவீர்களா என்று கேட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பார்ட்ஸும் கிடைக்காதாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம்.

பார்ட்ஸுக்கு மட்டும் எனக்குக் கவலை இல்லை. உனக்குத்தான் தெரியுமே. நம் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த நீளப் பெட்டியை இழுத்தேன். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“அது சோலார் ஹீட்டர் பைப்பாச்சே? அத எதுக்கு இழுக்கற?”

நீ அப்படித்தானே சொல்லி வைத்திருந்தாய்! கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவள்தான். அவளும் இரண்டு வருஷமாக, எப்போது வெந்நீர் மொட்டை மாடியிலிருந்து வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைப் பிரித்தேன். பளபளவென்று புது சைலன்சர், வளைந்த குழாயோடு, பிறந்த குழந்தையைச் சுற்றியதைப் போலப் பஞ்சுத் துணி சுற்றி. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ராஸ்கல்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் நீ போனதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

“நாமளே மாத்திடலாம்க்கா” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“நாமளா?”

“தினம் நாலு பேர் வாயில கைய விட்டுப் பிடுங்கறேன். இது என்ன, ரெண்டு போல்ட்டும் நாலு ரப்பர் வளையமும்தானே?”

வீடியோ பார்த்து வந்த தைரியம். அந்த வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டே செய்து முடித்தார். நாம் என்றைக்காவது விசிலடித்துக்கொண்டு ஒரு வேலையை முடித்திருக்கிறோமா?

சனிக்கிழமையே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியை முடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். நீ வாங்கிப் பிரிக்காமலேயே வைத்திருந்த நீலநிற மெக்கானிக் உடுப்பை நான் போட்டுக்கொண்டேன். கைகால்களை மூன்று மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. “கேஸ் சிலிண்டர் போட வந்தவ மாதிரி இருக்கே” என்றாள் அக்கா. அவள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடியில் நுழைந்தேன். பாதுகாப்பு விஷயத்தில் உன்னைவிட நான் தேவலை, ஒப்புக்கொள். தலையில் கிளினிக் ஹெட்லைட். கையில் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி. போல்ட்டின் பின்பக்கம் பார்க்க அதைப் போல ஒரு சாதனம் உலகத்தில் கிடையாது.

முதல் போல்ட் சமர்த்தாக வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. ஸ்பேனர் நழுவி, கட்டைவிரல் குழாயில் மோதி, நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதற்குள் கன்னியப்பன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து குந்திக்கொண்டான்.

“ரைட்ல திருப்பு டாக்டரம்மா. நல்லா தம் கட்டித் திருப்பு. நா பத்து வருசம் ஒர்க்‌ஷாப்புல இருந்தவன்.”

நானும் நம்பி வலது பக்கம் திருப்பினேன். போல்ட் இன்னும் இறுகிப்போனது. பத்து வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தான் என்பது வாஸ்தவம்தான். அங்கே இருந்தவர்களின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

அப்போதுதான் ராமசேஷன் மாமா வந்தார். “டாக்டர், அசோசியேஷன் ரூல் இருக்கு. பார்க்கிங்ல மெக்கானிக் வேலை பண்ணப்படாது.”

“இங்க மெக்கானிக் யாரும் இல்லயே மாமா” என்று அக்கா நாற்காலியிலிருந்தே சொன்னாள். “ஒரு டாக்டர், ஒரு பென்ஷனர், ஒரு இஸ்திரி. இதுல எது ரூல்ல வருது?”

மாமா யோசித்தார். யோசித்தபடியே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மனுஷனுக்கு உள்ளூர ஆசை, முரளி! “அந்த போல்ட்டை இப்படி முரட்டுத்தனமாத் திருப்பினா உடைஞ்சுடுமே” என்றார்.

எனக்குச் சுரீரென்றது. உடையத்தான் உடையும். கடைவாய்ப் பல்லை நான் என்றைக்காவது ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறேனா? கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, அசைத்து அசைத்துத்தானே எடுப்பேன்? ஸ்ப்ரேயை இன்னொரு தடவை அடித்தேன். ஒரு நூல் இறுக்கினேன், ஒரு நூல் தளர்த்தினேன். பழக்க தோஷத்தில் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. “அவ்வளவுதான், அவ்வளவுதான். லேசா இழுக்கற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. நல்லா ஒத்துழைக்கறீங்க.”

“யார்கிட்டடி பேசற?” என்றாள் அக்கா.

போல்ட் கிறீச்சென்று முனகியது. பிறகு திரும்பியது. வெளியே வந்ததும் அதைக் கையில் எடுத்து, நோயாளிக்குக் காட்டுவதைப் போல எல்லோருக்கும் காட்டினேன். கன்னியப்பன் கைதட்டினான். “நா சொன்னேன் இல்ல?” என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பழைய சைலன்சர் இறங்கியபோது அதிலிருந்த துரு மொத்தமும், டார்ச்சோடு எட்டிப் பார்த்த அக்காவின் முகத்தில் கொட்டியது. குங்குமக் காப்பு சாத்திய அம்மன் மாதிரி நின்றாள். அவள் திட்டப் போகிறாள் என்று நான் அடியிலேயே பதுங்கிக்கொண்டேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “அடுத்து என்ன?” என்றாள்.

அடுத்ததுதான் கஷ்டம். புதுக் குழாய் நேராகப் போகாது. பின் சக்கர அச்சுக்கு மேலே வளைந்து நுழைய வேண்டும். பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றுவதைப் போலத்தான். நான் அடியில் ஒரு முனையைச் சரிசெய்யும்வரை மறுமுனையை யாராவது தாங்க வேண்டும். ராமசேஷன் மாமா வேட்டியை மடித்துக்கட்டி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சைலன்சரை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு கை கீழே, ஒரு கை மேலே. மாமி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார்.

“ஏன்னா! முப்பது வருஷமா நான் கத்துத் தரேன்னு சொல்றேன், என் வீணையைத் தொட மாட்டேன்னேள். இப்போ அது என்ன மடியிலே?”

மாமா பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் குழாய் நழுவிவிடும்.

ரப்பர் வளையங்கள்தான் கடைசியாக என்னை அழ வைத்தன. வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் அந்த வளையங்களை மாட்டி, அவற்றில்தான் சைலன்சர் தொங்க வேண்டும். ஓட்டையோ சின்னது, கம்பியோ தடிமன். தள்ளினேன், முறுக்கினேன், கெஞ்சினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. “முடியலக்கா. விட்டுடலாம்” என்றேன்.

அக்கா எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை இருந்தது.

“வளையல் போட்டுக்கறப்போ நீ என்ன பண்ணுவ? இந்தா, நல்லா தடவிட்டுத் தள்ளு.”

தடவினேன். தள்ளினேன். வழுக்கென்று ஏறியது, முரளி! ஒன்று, அடுத்தது, எல்லாம். விட்டால் சீமந்தத்துக்கு அடுக்குவதைப் போல இன்னும் நாலு அடுக்கியிருப்பேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னியப்பனைப் பார்த்து, “ஒர்க்‌ஷாப்புல சொல்லித் தந்தாங்களா இத?” என்று கேட்டாள்.

வண்டியை இறக்கி சாவியைத் திருப்பினேன். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“ஸ்டார்ட் ஆகலையா?” என்றார் மாமா.

அக்கா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். “ஓடுது மாமா” என்றாள் மெதுவாக. “ஓடிண்டுதான் இருக்கு” என்று மாமாவும் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் காய்ந்து லேசாகப் புகை வர, கன்னியப்பன் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததும், நான் குறுக்கே விழுந்து தடுத்ததும் தனிக்கதை. பழைய சைலன்சரை அவனே எடுத்துக்கொண்டான். அவன் தள்ளுவண்டித் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க இப்போது அதுதான் பாரம்.

பிரவீன் வர இன்னும் நேரம் இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் அவரிடம் எப்படிக் கொடுப்பது? “வழியில ஏதாவது லொடலொடன்னு சத்தம் வருதான்னு பக்கத்துல உக்காந்து ஒருத்தர் கேக்கணும்க்கா” என்று இழுத்தேன். மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் தன் கையிலிருந்த கறையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“விக்கறதுக்கு முன்னாடி ஒருதரம்தானே” என்றாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்து, தொப்பென்று இருக்கைக்குள் இறங்கினாள். ஏறுவதென்னவோ சுலபமாகத்தான் நடந்தது.

மந்தைவெளி வழியாகப் பட்டினப்பாக்கம், அங்கிருந்து லூப் ரோடு. வேகத்தடை வரும்போதெல்லாம் “பாத்து, பாத்து” என்று அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. கடல் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கினாள். நொச்சிக்குப்பத்தில் சாலையோரமாகத் தட்டில் சங்கரா மீன் பளபளத்துக்கொண்டிருந்தது. “நிறுத்துடி, மீன் நல்லா இருக்கு” என்றாள். நிறுத்தினேன். கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

“மாலதி.”

“என்னக்கா?”

“எறங்க வரல.”

நான் சுற்றி வந்து கையைப் பிடித்து இழுத்தேன். பாதி எழுந்து மறுபடி உள்ளே போனாள். மீன்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாம்மா, மீனு வோணுமா, வோணாமா? உள்ளயே குந்திக்கினு கீறியே?”

“எறங்க முடியலம்மா.”

“அய்ய! இன்னா வண்டிம்மா இது, தர மேல படுத்துக்கினு கீது! அடியே செல்வி, இங்க வா, ஒரு கை புடி!”

பக்கத்துத் தட்டுக்காரி செல்வியும் வந்தாள். ஆளுக்கொரு கை பிடித்து ஏலேலோ பாடாத குறையாக இழுத்தோம். அக்கா முக்கால்வாசி வெளியே வந்தாள். செல்வியின் கையில் மீன் ஈரம். வழுக்கியது. அக்கா திரும்ப உள்ளே, செல்வி சாலையில்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணைப் போல, ஓவென்று.

“மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி வாங்கினான் பாத்தியா?” என்றாள். “அக்கா எங்க உக்காருவான்னு ஒரு நிமிஷம் தோணிச்சா அவனுக்கு?”

முட்டி இல்லை முரளி. முட்டியே இல்லை. இத்தனை நாளும் அதுதான் அவள் தொண்டையில் மாட்டியிருந்தது. தோன்றியதா உனக்கு? நிறத்தைப் பார்த்தாய், தொப்பியைப் பார்த்தாய், சக்கரத்தைப் பார்த்தாய். சீட்டை எண்ணினாயா? இப்போது வீட்டில் இரண்டு பேர்தான். சரியாகத்தான் இருக்கிறது கணக்கு. அதற்காக இப்படியா நேர் செய்வாய்?

நான் தரையிலேயே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். “இன்னாத்துக்கு அழுவுறாங்க?” என்று செல்வி கேட்டாள். “அவங்க தம்பி போய்ட்டாரு. அவரோட வண்டி” என்றேன். மீன்காரம்மா தன் முக்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அழுது முடிக்கட்டும், அப்பால தூக்கலாம். அழுவுற ஆளு கனமா கீறாங்க” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் போன் அடித்தது. பிரவீன். ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டேன், வண்டி ரெடியா என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் பேசிய அந்தப் பழைய குரலில் சொன்னாள்:

“தம்பி, மன்னிச்சுக்கணும். வண்டியில ஆளு உக்காந்திருக்கு. இப்போதைக்கு எறங்கற மாதிரி இல்ல.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, “என்னடி பாக்கற? உண்மையத்தானே சொன்னேன்?” என்றாள்.

பிறகு இன்னொரு மீன்காரியும் வர, நான்கு பேர் சேர்ந்து அவளை எடுத்தோம். இரண்டு பேர் முன்னாலிருந்து இழுக்க, ஒருத்தி பின்னாலிருந்து தள்ள, நான் தலை இடிக்காமல் பிடித்துக்கொண்டேன். இடுப்புப் பிடிப்பு அப்போது வந்ததுதான். அவள் நேராகத் தட்டுக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து சங்கராவைப் பொறுக்கினாள். உன் வண்டியில் டிக்கி என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது, அதில் நீ வைத்த தொப்பிகளே நிறைந்திருந்தன. எனவே மீன் பை அக்காவின் மடியில் வந்தது. வண்டிக்குள் இன்னும் அந்த வாசனை போகவில்லை. உனக்குப் பிடிக்காது. என்ன செய்வது, நீ வந்து கழுவு.

அன்றிலிருந்து அவள் உன்னைப் பற்றிப் பேசுகிறாள். பெரும்பாலும் திட்டுத்தான். காலையில் பேப்பர் பிரிக்கும்போது ஒன்று, சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது ஒன்று. நடுநடுவே கொஞ்சம் அழுகிறாள். நானும் குழாயைத் திறந்துவிடாமலேயே அழுகிறேன். பிறகு காபி குடிக்கிறோம்.

இதைக் கேள். போன வாரம் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய், கார் ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸ் எடுத்து வந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் ஒரு வயசான சின்னக் கார் வைத்திருக்கிறார்கள். அதில் எல்லாம் முடியாது என்கிறாள். “கத்துண்டா நம்ம வண்டியிலதான். சும்மா நிக்கறதுக்கா அத்தனை சோப்பு போட்டு மாட்டினோம்?” ராமசேஷன் மாமாவிடமிருந்து தொற்றிய பாஷை. அவர் இப்போது தினம் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாக்கிங் போகிறார்.

நேற்று முதல் பாடம். கட்டடத்துக்கு உள்ளேயேதான். கிளட்சைப் பட்டென்று விட்டாள். வண்டி தவளையாகத் துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி துள்ளியது. கன்னியப்பன் தள்ளுவண்டியை எதிர்ச் சாரிக்கு நகர்த்திவிட்டான். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. ஆனால் கடைசியில், முரளி, கேட்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரே சீராக ஓட்டினாள். நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு, “பாத்தியாடா?” என்றாள். என்னை அவள் டா போடுவதில்லை.

பார்த்தாயா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எதையும் விற்க மாட்டேன், என்றென்றைக்கும் வைத்துக் காப்பேன் என்கிற ரகம் இல்லை. நாளைக்கே கியர் பாக்ஸ் போனால் அதையும் நான்தான் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும், அதற்கெல்லாம் இப்போதே சத்தியம் செய்ய முடியாது. இது ஒன்றுதான். உன் அக்கா இந்த வண்டியை எங்கே இடித்தாலும், எந்தச் சிக்னலில் நடுரோட்டில் அணைத்து நிறுத்தி ஊரே ஹார்ன் அடித்தாலும், மெரினாவிலிருந்து மகாபலிபுரம் வரைக்கும் முதல் கியரிலேயே ஓட்டினாலும், பக்கத்து சீட்டில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
வசந்தா அக்காவின் தம்பி மனைவி,
மாலதி